முதலில் விரல், அப்புறம் காது

நர்சிங் முதலாண்டு படிக்கும் தங்கை ஒருவரின் கேள்வி இது: "கையால் பிரஷர் பார்க்கும்போது எனக்குச் சத்தம் சரியாகக் கேட்பதே இல்லை. கூட இருப்பவர்கள் 120/80 என்கிறார்கள், நானும் தலையாட்டிவிடுகிறேன். வார்டில் டிஜிட்டல் மெஷின் இருக்கும்போது இதைப் பழகித்தான் ஆக வேண்டுமா? ஆம் என்றால் எப்படிப் பழகுவது?"

பழகித்தான் ஆக வேண்டும். ஏன் என்று ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை. காய்ச்சல் வார்டில் எனக்கு இரவு டியூட்டி. பன்னிரண்டு வயதுப் பையன், டெங்கு, ஐந்தாம் நாள். அன்று சாயங்காலம்தான் காய்ச்சல் விட்டிருந்தது. அவன் அம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "உடம்புல சூடே இல்ல சிஸ்டர், நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?" என்று கேட்டார். பையனின் கையைப் பிடித்தேன். விரல்கள் சில்லென்று இருந்தன. சார்ட்டில் முந்தைய மூன்று மணி நேரமும் 110/70, 110/70, 110/70. மெஷினைக் கட்டினேன். ஒரு தடவை 106/72 என்று காட்டியது, அடுத்த தடவை எரர். சரி என்று சின்ன கஃப்பை, அதாவது மேல்கையில் கட்டும் காற்றுப் பட்டையை, எடுத்துவந்து கையால் பார்த்தேன். 100-இல் சத்தம் ஆரம்பித்தது, 84-இல் நின்றுவிட்டது. காற்றை முழுக்க இறக்கி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி பார்த்தேன். 98/82.

மேல் எண்ணை மட்டும் பார்த்தால் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு 98 ஒன்றும் மோசமில்லை. ஆனால் மேலுக்கும் கீழுக்கும் நடுவில் இருப்பது 16 மட்டும்தான். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறுகிறது. மேல் எண் சரிந்துவிடாமல் இருக்க உடம்பு தன் ரத்தக்குழாய்களை எல்லாம் இறுக்கிப் பிடிக்கிறது, அதனால் கீழ் எண் ஏறுகிறது. இடைவெளி 20 அல்லது அதற்கும் கீழே வந்துவிட்டால் அதை டெங்கு ஷாக், அதாவது உடம்புக்குப் போதுமான ரத்த ஓட்டம் கிடைக்காத ஆபத்தான நிலை, என்றே எடுத்துக்கொள்வார்கள். டாக்டரை உடனே கூப்பிட்டேன், டிரிப் மாற்றினார்கள், விடிய விடிய மணிக்கொரு முறைக்கும் மேலாகப் பார்த்தோம். விடியும்போது 104/68. கையில் சூடு வந்திருந்தது.

அந்த மூன்று 110/70-ஐ யார் எழுதினார்கள் என்பது இங்கே வேண்டாம். அவர் கெட்டவர் இல்லை, நாற்பது கட்டில்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தவர். ஆனால் கேட்காத எண்ணை எழுதினால் என்ன ஆகும் என்பதை அன்றைக்குப் பார்த்தேன். அதனால்தான் உங்கள் கேள்வியில் "தலையாட்டிவிடுகிறேன்" என்ற இடத்தில் எனக்கு மனசு நின்றுவிட்டது.

மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இது இன்னும் விளங்கும். மெஷின் சத்தத்தைக் கேட்பதில்லை. காற்று இறங்கும்போது கஃப்புக்குள் ஏற்படும் சின்னச் சின்ன அதிர்வுகளை உணர்கிறது. அதிர்வு எங்கே மிக அதிகமோ அதைச் சராசரி அழுத்தமாக எடுத்துக்கொண்டு, மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் தனக்குள் இருக்கும் கணக்கை வைத்துப் போடுகிறது. அந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நாடி சீராகவும் பலமாகவும் ஓடும் ஒருவருக்கு இது போதும். வீட்டில் பார்த்துக்கொள்ளக் கேட்பவர்களுக்கு, சரிபார்க்கப்பட்ட, மேல்கையில் கட்டும் மெஷினை வாங்கச் சொல்லி நானே அனுப்புகிறேன். ஆனால் நாடி நூலாக ஓடும் ஷாக் நோயாளிக்கும், நாடி தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிக்கும் அந்தக் கணக்கு தடுமாறும். கர்ப்பகால ரத்த அழுத்தத்தில் சில மெஷின்கள் உண்மையை விடக் குறைத்துக் காட்டும். எந்த நோயாளிக்குச் சரியான எண் மிக அவசியமோ, அவருக்குத்தான் உங்கள் காது வேண்டியிருக்கிறது.

இனி, சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைக் காலால் மிதித்துப் பாருங்கள். முழுக்க மிதித்தால் தண்ணீரும் இல்லை, சத்தமும் இல்லை. காலை லேசாகத் தளர்த்தினால் சர்ரென்று சீறும். காலை எடுத்துவிட்டால் தண்ணீர் அமைதியாக ஓடும். கஃப்பின் அழுத்தம் இதயம் தள்ளும் உச்ச அழுத்தத்துக்குச் சற்றே கீழே இறங்கியதும், ஒவ்வொரு துடிப்புக்கும் தமனி ஒரு கணம் திறந்து மூடும். அதுதான் முதல் 'டக்'. கஃப்பின் அழுத்தம் கீழ் எண்ணையும் தாண்டி இறங்கிவிட்டால் தமனி மூடுவதே இல்லை, சத்தமும் இல்லை.

இந்தக் கருவியின் கதையிலேயே பார்க்கும் முறையும் இருக்கிறது. 1896-இல் இத்தாலியின் டூரின் நகரில் ஸிப்பியோனே ரிவா ரோச்சி என்ற மருத்துவர் மேல்கையில் காற்றுப் பட்டையைக் கட்டி, பாதரசக் குழாயோடு இணைத்தார். அவர் ஸ்டெதஸ்கோப் வைக்கவில்லை. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பார்த்து, அது எந்த எண்ணில் மறைகிறது என்று குறித்தார். அதனால் அவருக்கு மேல் எண் மட்டுமே கிடைத்தது. 1905-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலாய் கொரோட்காவ் என்ற ராணுவ அறுவை மருத்துவர் அதே பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். போரில் காயம்பட்டவர்களின் ரத்தக்குழாய்களைக் காதால் கேட்டுக் கேட்டுப் பழகியவர் அவர். சத்தம் வரும் இடம் மேல் எண், மறையும் இடம் கீழ் எண் என்று சொன்னார். இன்றைக்கும் நாம் கேட்பதற்குப் பெயர் கொரோட்காவ் ஒலிகள்தான்.

முதலில் விரல், அப்புறம் காது. ஒன்பது வருட இடைவெளியில் இரண்டு பேர் கண்டுபிடித்ததை அதே வரிசையில் நீங்கள் ஒவ்வொரு நோயாளியிடமும் செய்ய வேண்டும். விரல் படியை எல்லாரும் தாண்டிப்போகிறார்கள். சத்தம் கேட்கவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் தவறுகிறார்கள்.

கஃப்பைக் கட்டியதும் இடது கை விரல்களால் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கத்து நாடியைத் தொடுங்கள். மற்ற கையால் பல்பை அழுத்திக் காற்றை ஏற்றுங்கள். விரலுக்கடியில் துடிப்பு மறையும் எண்ணைப் பாருங்கள். 130 என்று வைத்துக்கொள்வோம். காற்றை முழுக்க இறக்கிவிடுங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். அப்புறம்தான் ஸ்டெதஸ்கோப். இப்போது 130-க்கு மேலே 30 சேர்த்து, 160 வரை ஏற்றினால் போதும். யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு 200 வரை ஏற்றி வலிக்க வைக்க வேண்டியதில்லை.

வலியைக் குறைப்பது ஒரு லாபம். பெரிய லாபம் வேறு. வயதானவர்களில், ரத்தக்குழாய் இறுகிப்போன, நெடுநாள் பிரஷர் உள்ள சிலருக்கு நடுவில் சத்தம் காணாமல்போய்த் திரும்ப வரும். உண்மையான மேல் எண் 190 என்று வையுங்கள். 190-இல் சத்தம் தொடங்கி, 170-இல் மறைந்து, 150-இல் மறுபடி தொடங்கி 100 வரை ஓடும். விரல் வைக்காமல் 160 வரை மட்டும் ஏற்றியவருக்கு 150/100 என்றுதான் கேட்கும். அவர் காது பொய் சொல்லவில்லை, ஆனாலும் 40 புள்ளி தவறிவிட்டது. விரல் இந்தக் குழியில் விழாது, ஏனென்றால் சத்தம் மறையும் அந்த இடைவெளியிலும் நாடி மணிக்கட்டில் துடித்துக்கொண்டுதான் இருக்கும்.

சத்தம் கேட்காததற்கு மற்ற காரணங்களையும் பார்ப்போம், பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான். ஸ்டெதஸ்கோப்பின் காதுமுனைகள் மூக்குப் பக்கம் பார்க்கும்படி மாட்ட வேண்டும். திருப்பி மாட்டினால் முனை காதின் சுவரில் முட்டிக்கொள்ளும், கால்வாசிச் சத்தம்கூட உள்ளே போகாது. இரண்டு பக்கமும் உள்ள ஸ்டெதஸ்கோப்பானால் தலைப்பகுதி எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். மூடிய பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு "கேட்கலை மேடம்" என்று கண்கலங்கி நின்ற மாணவிகளை ஒவ்வொரு பேட்சிலும் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது இடம். முழங்கை மடிப்பில் கையை நீட்டச் சொல்லி, நடுவில் கயிறு மாதிரித் தட்டுப்படும் பைசெப்ஸ் தசைநாரைத் தொடுங்கள். அதற்கு உள்பக்கம், சுண்டுவிரல் பக்கமாக, இரண்டு விரல் வைத்துத் தேடினால் பிரேக்கியல் தமனி துடிப்பது தெரியும். துடிப்பு தெரிந்த இடத்தில்தான் தலைப்பகுதியை வைக்க வேண்டும். மடிப்பின் நட்டநடுவில் பொத்தாம்பொதுவாக வைத்தால் வராது. கஃப்புக்கு அடியில் செருகவும் கூடாது, உரசும் சத்தம்தான் கேட்கும். கஃப்பின் கீழ் விளிம்பு மடிப்பிலிருந்து 2, 3 செ.மீ. மேலே இருக்கட்டும். உள்ளே இருக்கும் ரப்பர் பையின் நடு, தமனிக்கு நேர் மேலே வர வேண்டும். கஃப்பில் அதற்கான அம்புக்குறி இருக்கும்.

நம் ஊரில் இன்னும் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, கையில் கட்டியிருக்கும் தாயத்து. அதன் கயிறு கஃப்பிலோ ஸ்டெதஸ்கோப் குழாயிலோ உரசினால் வரும் சத்தம் அச்சு அசல் துடிப்பு மாதிரியே இருக்கும். அவிழ்க்கச் சொல்லாதீர்கள், பலருக்கு மனம் ஒப்பாது. மேலே தள்ளிவிடலாம், அல்லது அடுத்த கையில் பார்க்கலாம். இன்னொன்று, இறுக்கமான ரவிக்கைக் கை. அதை மேலே சுருட்டிவிட்டால் அதுவே கையில் கட்டுப் போட்ட மாதிரி இறுக்கும், எண்ணும் மாறும், சத்தமும் மங்கும். சேலையைப் போர்த்திக்கொண்டு அந்தக் கையை மட்டும் ரவிக்கையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். திரையை இழுத்துவிட்டுக் கேட்டால் எந்தப் பாட்டியும் மறுப்பதில்லை.

காற்றை இறக்கும் வேகம்தான் கையால் பார்ப்பதன் உயிர். நொடிக்கு 2 அல்லது 3 மி.மீ. (பிரஷர் எண்கள் எல்லாம் பாதரச மி.மீ. கணக்குதான்) மட்டும் இறங்க வேண்டும். வால்வை ஒரேயடியாகத் திறந்தால் இரண்டு துடிப்புக்கு நடுவே முள் 10 மி.மீ. தாண்டிப் போய்விடும், மேல் எண் குறைவாகவும் கீழ் எண் அதிகமாகவும் வரும். பாதி வழியில் "ஐயோ, தவறவிட்டேன்" என்று தோன்றினால் அங்கிருந்தே மறுபடி ஏற்றாதீர்கள். கையில் ரத்தம் தேங்கிச் சத்தம் இன்னும் மங்கிவிடும். முழுக்க இறக்கி, ஒரு நிமிடம் விட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள். அப்படியும் மங்கலாக இருந்தால் கையை அரை நிமிடம் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, அந்த நிலையிலேயே கஃப்பில் காற்றேற்றி, பிறகு கையை இறக்கிக் கேளுங்கள். சத்தம் கூடும்.

ஒரு எச்சரிக்கை. டயல் வைத்த கருவியில், சத்தம் வருவதற்கு முன்பே முள் குதிக்க ஆரம்பிக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் அந்தக் குதிப்பையே மேல் எண் என்று எழுதிவிடுகிறார்கள். முள் குதித்தால் குதிக்கட்டும். தொடர்ந்து இரண்டு துடிப்பாவது தெளிவாகக் காதில் விழும்போது, அதில் முதலாவது விழுந்த எண்தான் மேல் எண்.

கீழ் எண்ணில் குழப்பம் வருவது இயல்பு. 'டக் டக்' என்று தொடங்கும், நடுவில் சரசரப்பு சேரும், பிறகு பலமாகும், பிறகு போர்வைக்குள்ளிருந்து வருவது போல அமுங்கும், கடைசியில் நின்றுவிடும். நின்ற இடம்தான் கீழ் எண். கர்ப்பிணிகளில் சிலருக்கும், சில குழந்தைகளுக்கும், கடுமையான ரத்தசோகை உள்ளவர்களுக்கும் முள் பூஜ்யம் வரும்வரை சத்தம் நிற்காமல் கேட்கலாம். அப்படியானால் அமுங்கிய இடத்தைக் குறித்து, அதையும் எழுதிவையுங்கள்.

உட்காரும் விதம் பற்றிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள்: ஐந்து நிமிட ஓய்வு, சாய்ந்த முதுகு, தரையில் பதிந்த பாதம், கால்மேல் கால் போடாமல், அரை மணி நேரத்துக்குள் காபி, டீ, பீடி, சிகரெட் எதுவும் இல்லாமல், சிறுநீர் கழித்துவிட்டு. எல்லாம் உண்மை, எல்லாவற்றுக்கும் எண்ணில் பங்கு உண்டு. ஓபி கூட்டத்தில் எல்லாம் நடக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இரண்டை மட்டும் எந்தக் கூட்டத்திலும் விடாதீர்கள். ஒன்று, பார்க்கும்போது நோயாளி பேசக் கூடாது, நீங்களும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பேசினாலே 10 மி.மீ. அளவுக்கு ஏறிவிடும். இன்னொன்று, கை இதயத்தின் மட்டத்தில், ஏதாவது ஒன்றின் மேல் தாங்கலாக இருக்க வேண்டும். கை தொங்கினால் கையிலிருக்கும் ரத்தத்தின் எடையும் அழுத்தத்தோடு சேர்ந்துகொள்ளும். பாதரசம் ரத்தத்தை விடப் பதின்மூன்று மடங்கு கனம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், கை 10 செ.மீ. கீழே இருந்தால் ஏறக்குறைய 8 மி.மீ. கூடுதலாகக் காட்டும். மேலே இருந்தால் அதே அளவு குறையும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கும் கர்ப்பிணிக்கு மேலாக இருக்கும் வலது கையில் கட்டினால் இதனால்தான் குறைவாக வருகிறது. 140/90 என்று பிடிபட வேண்டியது 130/80 என்று நழுவிவிடும். கிராம சுகாதார செவிலியராக வேலைக்குப் போகப்போகிறவர்கள் இந்த ஒன்றை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்.

கஃப்பின் அளவு. கையின் சுற்றளவில் 80 சதவீதத்தை உள்ளே இருக்கும் ரப்பர் பை சுற்றி வர வேண்டும், அகலம் 40 சதவீதம். பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் இல்லாத பிரஷர் இருப்பதாகக் காட்டும், மாத்திரையும் ஆரம்பித்துவிடுவார்கள். வார்டில் ஒரே கஃப்தான் இருக்கிறது என்றால் பொறுப்பு சிஸ்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அலமாரியில் பிரிக்காமல் கிடக்கும்.

பாதரசக் கருவிகள் இப்போது குறைந்துகொண்டே வருகின்றன. பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் கையெழுத்தானது, அதில் 2020-ஐப் பாதரச பிரஷர் கருவிகளுக்கான கெடுவாக வைத்தார்கள். எனக்கு அந்தக் கருவி மேல் பிரியம் உண்டு. ஆனால் உடைந்த பாதரசத்தைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளியதையும் பார்த்தவள் என்பதால் போகட்டும் என்றுதான் சொல்வேன். டயல் கருவி கீழே விழுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே அளவு மாறியிருக்கும். காற்றே இல்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று தினமும் பாருங்கள். பூஜ்யத்தில் நிற்பதால் மட்டும் சரி என்றாகிவிடாது, ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது சரிபார்க்க அனுப்ப வேண்டும்.

முதல் தடவை பார்க்கும் நோயாளிக்கு இரண்டு கையிலும் பாருங்கள், அதிகம் காட்டும் கையையே பிறகு தொடருங்கள். வித்தியாசம் 15-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா போட்ட, அதாவது தமனியையும் சிரையையும் இணைத்துவைத்த, கையில் கட்டவே கூடாது. மார்பக அறுவையில் அக்குள் நிணநீர்க் கட்டிகளை எடுத்த பக்கமும், டிரிப் ஓடும் கையும் வேண்டாம். நாடி தாறுமாறாக இருந்தால் ஒரே எண்ணை நம்பாமல் மூன்று முறை பார்த்துச் சராசரி எழுதுங்கள். ஷாக்கில் சத்தமே கேட்காவிட்டால் விரலில் கிடைத்த மேல் எண்ணை, விரலால் பார்த்தது என்று குறிப்பிட்டு எழுதலாம். அது நேர்மையான எண்.

எழுதும்போது 0-விலும் 5-லும் முடிப்பது நம் எல்லாருக்கும் தொற்றிய பழக்கம். கருவியில் கோடுகள் 2 மி.மீ.க்கு ஒன்றாகத்தான் இருக்கின்றன. 125, 85 என்று எழுதினால் அங்கே கோடே இல்லை. 126 என்றால் 126, 84 என்றால் 84. எந்தக் கை, உட்கார்ந்தா படுத்தா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த ஷிஃப்டுக்கு வருபவர் அதை நம்பித்தான் முடிவெடுப்பார்.

எப்படிப் பழகுவது என்று கேட்டீர்கள். இந்த வாரம் ஸ்டெதஸ்கோப்பை எடுக்காதீர்கள். விடுதித் தோழிகள் பத்துப் பேரின் மணிக்கட்டில் விரலை வைத்து, துடிப்பு மறையும் எண்ணையும், இறக்கும்போது திரும்பும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நொடிக்கு 2 மி.மீ. என்ற வேகம் கட்டைவிரலுக்குப் படிய அதுவே போதும். அடுத்த வாரம், ஃபேனை நிறுத்திவிட்டு, அதே பத்துப் பேரிடம் காதை வையுங்கள். எந்த எண்ணுக்குப் பக்கத்தில் சத்தம் வரும் என்று விரல் ஏற்கெனவே சொல்லியிருப்பதால் காது அங்கே காத்திருக்கும். கல்லூரியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கும் டீச்சிங் ஸ்டெதஸ்கோப் இருந்தால் டியூட்டரை உட்கார வைத்துக் கேளுங்கள். இருவரும் தனித்தனியாக எழுதி, அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்கள். 4 மி.மீ.க்குள் வந்துவிட்டால் வார்டுக்குப் போகலாம். அதுவரை வார்டில் யாராவது 120/80 என்று சொன்னால், "எனக்குக் கேட்கலை சிஸ்டர், இன்னொரு தடவை பார்க்கட்டுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒரு தோழியின் ஒரே கையில் மூன்று தடவைக்கு மேல் கட்டாதீர்கள், கை மரத்துப்போகும், அடுத்த நாள் வர மாட்டாள்.